நீலமேகம் கொடுத்த கதவு

“பொருள் நல்ல பொருள். ஆளும் நல்ல ஆளுங்க. அப்புறமும் எங்களை விட்டுப் போறாங்க. அவங்களுக்கு வேற என்னதாம்மா வேணும்?”

நீலமேகம் இப்படிக் கேட்டபோது பூரணி அம்மாள் புளியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாள் சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் நடத்துகிறார். நீலமேகம் அவருடைய சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியில், பழுது வந்தால் கவனிக்கிற பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

“யாரு போறாங்க?”

“மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை வேற கம்பெனியோட கையெழுத்துப் போடுறாங்க. அதை நம்பித்தான் எங்க மதுரை ஆட்களே இருக்காங்க. அது போனா அவங்களை வீட்டுக்கு அனுப்பணும். நான்தான் அனுப்பணும்.”

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கியது. மனிதர் பயந்துதான் போயிருந்தார்.

“கருவி கெட்டுப்போச்சா?”

“இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை. ஒரு நாள் காலையில நெட்வொர்க் மொத்தமும் படுத்துடுச்சு. அங்க பொறுப்புல இருக்கிற ஜெபராணி செல்போன்ல கூப்பிட்டாங்க. விவரத்தையெல்லாம் ஆஸ்பத்திரி மெயில்லேருந்து அனுப்புங்கன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. அதுதாம்மா முறை.”

“ம்.”

“நாங்களும் மூணு தடவை மெயில் போட்டுக் கேட்டோம். பதிலே இல்லை. பதில் வரலைன்னா பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு கம்ப்யூட்டரே புகாரை மூடிடும். மூடிடுச்சு.”

“அப்புறம்?”

“அவங்களே எப்படியோ சரி பண்ணிட்டாங்க. அதுவரைக்கும் நர்சுங்க ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில எடுத்துக்கிட்டு மாடிக்கு மாடி ஓடினாங்களாம். ஏன் பதில் போடலைன்னு நேத்து ஜெபராணியைக் கேட்டேன். ‘பதில் போட வழி எங்க சார் இருந்துச்சு?’ன்னாங்க. இதெல்லாம் ஒரு பதிலா?”

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தியான அறையில கொஞ்ச நேரம் உட்காருங்க.”

அந்த அறைக்குத் தேக்குக் கதவு போட்டுக் கொடுத்தவர் நீலமேகம்தான். வெளிப்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்து அந்தக் கதவின் உறுதியைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம்.

அவர் உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அம்மா?”

“கதவைத் திறக்கணும்னா சமையற்கட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே திறந்துடுறேன்.”

நீலமேகம் சிரித்தார். குருமார்கள் இப்படியெல்லாம் விளையாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பருப்பு வேகிற வாசனை வந்தது. பிறகு தாளிக்கிற வாசனை. பிறகு சாப்பாட்டு மணி அடித்தது.

மணிக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் தட்டினார். தோளால் இடித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. இத்தனை நாள் அவர் சொன்னதில் பொய்யே இல்லை, அவ்வளவு நல்ல கதவு.

செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது ஆசிரமத்து விதி. தொண்டை வறண்டது.

பந்தியில் பரிமாறுகிற சௌந்தரம் அந்தப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

“சௌந்தரம், அம்மாகிட்டச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

“நீங்க நேர்ல வந்து சொல்லணுமாம் ஐயா.”

“எப்படி வர்றது? வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கே.”

“உங்க கஷ்டம் புரியுதுங்க ஐயா,” என்றார் சௌந்தரம், மிகுந்த மரியாதையோடு. “ஆனா அதுதான் முறையாம்.”

காலடிச் சத்தம் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டது.

பந்தி முடிந்து, இலை எடுத்து, பாத்திரங்களும் கழுவியான பிறகு தாழ்ப்பாள் விலகியது.

“என்னம்மா இது? எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமா?”

“நான் மூணு தடவை சமையற்கட்டு வாசலை எட்டிப் பார்த்தேன். நீங்க வரல. சரி, குறை ஒண்ணும் இல்லை போலன்னு விட்டுட்டேன்.”

“வர வழி எங்கம்மா இருந்துச்சு?”

கத்தியே விட்டார். கத்தியது அவர் காதிலும் விழுந்தது.

அம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர் நின்றபடியே முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்தார்.

சௌந்தரம் பின்னாலேயே வந்தார்.

“ஐயா, உங்களுக்கு இலை போட்டிருக்கு.”

“வந்து சாப்பிடுறேன்.”

“எங்க கிளம்பிட்டீங்க?”

“மதுரைக்கு. ஜெபராணியைப் பார்க்கணும்.”

சௌந்தரம் செல்போனை எடுத்துக் கொடுத்தார். “வெயிலா இருக்கு. போன்லயே சொல்லிடலாமே ஐயா?”

“இல்லைங்க,” என்றார் நீலமேகம். “நான் நேர்ல போகணும். அதுதான் முறை.”