காஜா மட்டும்தான் பாக்கி

தையல்காரர் பரக்கத்துக்கு ஒரே ஒரு சீடர், குழந்தைவேலு. மில் மூடிய பிறகு தொழில் கற்க வந்தவர், குருவைவிட வயதில் மூத்தவர். சீடர் "மாஸ்டர்" என்பார். குரு "அண்ணே" என்பார். சொன்ன நாளில் துணி தரும் கடை என்று ஊரே பேசும். அதில் மாஸ்டரைவிடச் சீடருக்குத்தான் பெருமை தாங்காது.

அந்தத் தீபாவளியை மழை கெடுத்தது. கரண்ட் இல்லாமல் மிஷின்கள் படுத்துவிட்டன, காலால் மிதிக்கிற பழைய மிஷினைத் தவிர. பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மாஸ்டர் வந்து பார்த்தால், குழந்தைவேலு எல்லாருடைய துணியையும் வெட்டி, ஆளுக்கொரு தோளை மட்டும் மூட்டி வைத்திருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"எல்லாத்தையும் இன்னைக்குள்ள முடிக்க முடியாது, மாஸ்டர். யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, பட்டனுக்குக் காஜா மட்டும்தான் பாக்கின்னு சொல்லிரலாம். கடை பேரு கெடாது."

மாஸ்டர் குவியலில் இருந்த பெரிய மூட்டையை மேஜைக்கு அடியில் தள்ளினார். அரிசி மண்டி தங்கப்பழம் வீட்டுத் துணி. அதை முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும்.

"மண்டி வரைக்கும் போயிட்டு வருவோம், வாங்க."

மண்டியில் நல்ல கூட்டம்.

"அண்ணாச்சி, உங்க துணி தீபாவளிக்கு ஆகாது. கார்த்திகைக்குத்தான் தருவேன். இப்பவே சொல்லிட்டா, ரெடிமேட் வாங்க உங்களுக்குப் பகல் இருக்கு."

"கார்த்திகைக்கா? நீரெல்லாம் ஒரு டெய்லரா, பாய்?"

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொண்டார். குழந்தைவேலுவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

திரும்பி வந்து, ஒருவர் மிதி மிஷினிலும் ஒருவர் கை ஊசியிலுமாக இருவரும் தலை நிமிராமல் தைத்தார்கள். அந்தி சாயும்போது செங்கல் சூளைப் பிள்ளைகள் புதுப் பாவாடை சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். தலைதீபாவளிக்குத் தாய் வீடு போகும் வளர்மதி, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ரவிக்கையை வாங்கிப் போனாள். மேஜை காலி.

குழந்தைவேலுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஊர் நடுவுல நம்மளத் தலைகுனிய வச்சுட்டீங்களே, மாஸ்டர்."

"நான் எப்ப குனிஞ்சேன்?" மாஸ்டர் ஊசியைக் காலரில் குத்திக்கொண்டார். "இன்னைக்கு யார்கிட்டயாவது தோத்தே ஆகணும், அண்ணே. சத்தம் போடத் தெரிஞ்சவர்கிட்ட, நானே தேடிப் போய்த் தோத்துட்டு வந்தேன். ஒண்ணும் சொல்லாம அழுதுட்டுப் போறவங்க ஒருத்தர்கிட்டயும் தோக்கல."

குழந்தைவேலு கடையைச் சாத்துவதற்கு முன், மழைச்சேறு படிந்திருந்த பெயர்ப்பலகையை ஈரத்துணியால் துடைத்தார்.