சம்பந்தி வீட்டுக் குதிரைக்குச் சாத்துக்குடி

அறிவை ஆளுக்குக் கொஞ்சமாவது பங்குபோட்டுக் கொடுத்த நாளில் ஓடைக்கரைப்பட்டி அண்ணன் தம்பி மூவரும் ஏதோ கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. மூத்தவர் பரஞ்சோதி, நடுவில் ஆபரணம், கடைக்குட்டி குழந்தைவேலு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். குதிரை ஒன்றே ஒன்றுதான், பவளம். அதுவும் பரஞ்சோதியின் மனைவி ஞானசௌந்தரி பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தது. இப்போது நிறைமாதச் சினை.

அந்த வீட்டின் மூளை ஞானசௌந்தரிதான். அந்த மூளை கிணற்றடியில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தது. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டுக் குதிரைகளுக்குச் சளி, கழுத்து வீக்கம். ஒட்டுவாரொட்டி. கால்நடை டாக்டர் வந்து படித்துப் படித்துச் சொன்னார். "இதுக்கு வந்தா குட்டி தங்காது. சீக்குக் குதிரைகிட்ட போனவங்க சட்டை மாத்திக் கை கழுவாம இதைத் தொடக்கூடாது. ஒரு குதிரையோட வாளி இன்னொண்ணுக்கு ஆகாது." மூவரும் தலையாட்டிய வேகத்தில் பவளமே மிரண்டது.

டாக்டர் தெருமுனை திரும்பியதும் ஆலோசனை தொடங்கியது.

"சம்பந்தி வீட்டுல நோய். போய் விசாரிக்கலைன்னா நம்ம பொண்ணு அங்கே தலைநிமிர முடியுமா?" என்றார் பரஞ்சோதி.

"வெறுங்கையோடவா போறது?" என்றான் ஆபரணம்.

"சாத்துக்குடி வாங்கிக்க."

"குதிரை சாத்துக்குடி தின்னுமா அண்ணே?"

"நோயாளி தின்னவாடா வாங்குவாங்க? ஊர் பாக்கத்தான்."

"போகாதீங்க!" என்று உள்ளேயிருந்து ஞானசௌந்தரி கத்தினாள். வலியில் கத்துகிறாள் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.

"அங்கே குதிரையைத் தொட்டீங்களா?" என்று கட்டிலிலிருந்தே கேட்டாள் ஞானசௌந்தரி.

"நெத்தியைத் தடவிக் காய்ச்சல் பார்த்தோம் அண்ணி. அதுதானே மரியாதை" என்றான் ஆபரணம்.

"சட்டையை மாத்தினீங்களா?"

"வாசல்லயே! இவனுது நான் போட்டேன், என்னுது அண்ணன் போட்டார், அண்ணனுது இவன் போட்டான்."

குழந்தைவேலுவின் விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை.

"கை?"

"சோப்புப் போட்டு! வேற எந்தக் குதிரை வாளியையும் தொடலை அண்ணி. பவளம் தண்ணி குடிக்கிற வாளியிலதான் கழுவினோம்."

ஞானசௌந்தரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அந்தத் தண்ணியை அது குடிச்சுதா?"

"எங்கே? உதைச்சுக் கவுத்துடுச்சு. திமிரு."

இந்த வீட்டில் தனக்கு அடுத்தபடி புத்தியுள்ள ஜீவன் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். "அங்கே இருந்த நோயை இங்கே தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களே! இனிமே மூணு பேரும் அதுகிட்ட போகக் கூடாது!"

மூவர் முகமும் வெளுத்தது. முற்றத்தில் ரகசியமாகப் பேச்சு நடந்தது. கொஞ்ச நேரத்தில் குளம்புச் சத்தம். ஞானசௌந்தரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பவளத்தின் கயிற்றைத் தொரட்டிக் கம்பில் மாட்டி, எட்ட நின்று இழுத்துக்கொண்டிருந்தான் குழந்தைவேலு.

"எங்கேடா ஓட்டிட்டுப் போறே?"

"சம்பந்தி வீட்டுக் கொட்டடிக்கு அண்ணி. அங்கே இருந்த நோயைத்தான் நாங்க இங்கே தூக்கிட்டு வந்துட்டோமே! இப்ப அங்கேதான் சுத்தம்."

கட்டுப்போட்ட கால் ஒருபக்கம் தொங்க, ஒற்றைக் காலிலேயே குதித்து வந்து கயிற்றைப் பிடுங்கினாள் ஞானசௌந்தரி. குதிரையோடு கொட்டடிக்குள் போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள். "எவனாவது உள்ளே கால் வெச்சீங்க, அரிவாள்தான்!"

வெளியே மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"குதிரை போகாதுன்னா, நோய்தான் போகணும்" என்றார் பரஞ்சோதி. "அது நம்ம பொருளும் இல்லை. அடுத்த வீட்டுச் சாமானை வெச்சுக்கிட்டா நாளைக்குப் பேச்சு வரும்."

"திருப்பிக் கொடுத்துடலாம்ணே."

"நல்ல யோசனைங்க" என்று உள்ளேயிருந்து ஞானசௌந்தரியின் குரல் தேனாக வழிந்தது. "குட்டி பிறக்கிற வரைக்கும் அங்கேயே தங்கி, கொஞ்சங்கூட மிச்சமில்லாமக் கொடுத்துட்டு வாங்க."

ஆபரணத்துக்கு மட்டும் ஒரு கவலை. "சம்பந்தி வாங்கமாட்டேன்னு சொல்லிட்டா?"

"தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சு ரெண்டு கையாலயும் நீட்டினா, யாருடா மறுப்பாங்க?"

வழியில் சிந்திவிடக் கூடாதே என்று மூவரும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து நடந்தார்கள்.