செங்கோட்டைக்கு ஒரே ஒரு வரி

"டீச்சர், எந்த ஊர வச்சாலும் என் கத ஊருக்குள்ள போவ மாட்டேங்குது."

ஞானதிரவியம் தன் நாவலின் தாள்கட்டை மேசைமேல் வைத்தார். எட்டு வருட உழைப்பு. மரகதவல்லி என்றொருத்தி வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் போகிற கதை. பதினோரு ஊர், பதினொன்றும் நிஜ ஊர்.

சுலைகா டீச்சர் மேலப்பாளையத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்துகிறவர். ஞானதிரவியத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் டீச்சர் எழுதிய பயண நாவலைப் படித்தவர்கள் புத்தகத்தை மூடிய கையோடு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அந்த ஊருக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?" ஞானதிரவியமே அப்படி இரண்டு தடவை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். எப்படித்தான் எழுதுகிறாரோ என்று இன்றுவரை மாய்ந்துபோகிறவர்.

தன் நாவலைப் படித்தும் ஒரே ஒருத்தர் அப்படிக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது. இதுவும் தேறாவிட்டால் தாள்கட்டைப் பரணில் போட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

டீச்சர் மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் ஞானதிரவியம் போய் எதிரே உட்கார்ந்தார். பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.

"கொடைக்கானல் நல்லாருக்கு. தனுஷ்கோடியும் நல்லாருக்கு. காலண்டர்ல பாத்த மாரியே இருக்கு."

மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஒண்ணுகூடத் தப்பு இருக்காது டீச்சர். தெரு நீளத்தக்கூட போன் மேப்புல அளந்து போட்டிருக்கேன்."

"மரகதவல்லி எங்கயாச்சும் வழி தப்புனாளா?"

"எப்படித் தப்புவா? மேப்பு எங் கையிலல்லா இருக்கு."

டீச்சர் தாள்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்.

'செங்கோட்டையில் இறங்கி வேறு ரயிலில் ஏறினாள்.'

பதினோரு ஊரில் பாவம், அந்த ஊருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"இங்க போங்க."

"அங்க போயி என்னத்தப் பாக்கணும்?"

"ஒண்ணும் பாக்காண்டாம். யாராச்சும் ஒங்ககிட்ட வழி கேக்கணும். நீங்க சொல்லணும். சொல்லிட்டு வாங்க."

டீச்சர் கையை நீட்டினார். ஞானதிரவியம் போனை எடுத்துக் கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை.

அரை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு போனார்.

தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா. பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நின்றார். யார் கேட்பார்கள்? வருகிறவர் போகிறவர் எல்லாம் அவருக்கல்லவா வழி சொன்னார்கள்! "குத்தாலத்துக்கா சார்? அந்தா நிக்கி பாருங்க வண்டி."

அன்று சாயங்காலமே லாட்ஜுக்குத் திரும்பத் தெரியாமல் சுற்றினார். மாவு மில்லுக்காரி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மூணாவது தடவையா போறிய அண்ணாச்சி. யாரத் தேடுதிய?"

மூன்றாம் நாள் தொப்பியைக் கழற்றினார். ஐந்தாம் நாள் கேமரா பைக்குள் போயிற்று. வேலையற்ற வேலை என்று டீச்சரை மனசுக்குள் திட்டினார். ஆனால் ஊரைத் திட்டத் தோன்றவில்லை. அது எப்போது பிடித்துப்போனது என்று அவருக்கே தெரியாது.

எட்டாம் நாள் காலை. மில்லுக்காரிக்கு வாங்கிய அரைக் கிலோ சின்ன வெங்காயத்தோடு, மஞ்சப்பையும் கையுமாக வந்துகொண்டிருந்தார். அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள்.

"அண்ணாச்சி, கவருமெண்டு ஆசுத்திரிக்கு எப்படிப் போவணும்?"

சொன்னார். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தார். பிறகு நேரே லாட்ஜுக்குப் போய் அறையைக் காலி செய்தார்.

ஞானதிரவியம் திரும்பி வந்ததும் டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார். நாவல் கட்டு மேசைமேலேயே இருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னிய?"

ஞானதிரவியம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பிடியே நேராப் போம்மா, மாவு மில்லு வரும்ன்னேன். கரண்டு இல்லன்னா மில்லு சத்தம் கேக்காது, மல்லிப்பொடி வாசத்த வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். அங்கன இடதுகைப் பக்கம் ஒரு சந்து. சந்து வாசல்ல செவல நாய் படுத்திருக்கும். எந்திரிச்சுக் கூடவே வரும், பயப்படாத. யாரு வந்தாலும் தபாலாபீஸ் வரைக்கும் கொண்டுவிட்டுட்டுத்தான் அது திரும்பும். அது நிக்குற எடத்துல நீயும் நின்னு மலையப் பாரு. மேகம் எறங்கியிருந்தா அப்பாவுக்குத் தலையில துண்டப் போட்டுவிடு, சாரல் வந்துரும். அப்புறம் மலையப் பாத்தே நட. ஆசுத்திரிதான்."

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த நாய் தனியாவா திரும்பிப் போவும்?"

"போவும் டீச்சர். நாம வாறப்ப மறுபடி எந்திரிச்சு வரும்."

டீச்சர் எழுந்தார். ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"செங்கோட்டைக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு சார்?"