மூடாத அலகு

“எல்லாம் சரிதான் அக்கா. இந்த வாய் மட்டும் மூடியிருந்தால், இவளைப் போல ஒரு பெண் யாருக்குக் கிடைப்பாள்?”

சாம்பி ஒட்டுக்கேட்கவில்லை. மரத்தடியில், வேரில் சிக்கிக்கொண்ட ஒரு நல்ல சுள்ளியைக் கூட்டுக்காக இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே அம்மா பக்கத்துக் கூட்டுக்காரியிடம் சொன்னது தானாக வந்து காதில் விழுந்தது. சுள்ளியை அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு காட்டில், மலை இறங்கும் இடத்தில், அகலமான ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்குள்ளேயே பெரிய கடம்ப மரம் ஒன்று நின்றது. அந்த மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகள். சாம்பியின் அம்மா செங்கமலமும் மஞ்சள்மூக்கு நாரைதான். சாம்பி மட்டும் நத்தைகுத்தி நாரை.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு புயலில், எங்கிருந்தோ வந்து மேல்கிளையில் தங்கியிருந்த நத்தைகுத்தி நாரையின் கூடு சரிந்தது. அதிலிருந்த முட்டை உருண்டு வந்து செங்கமலத்தின் கூட்டில் விழுந்தது. யாருடைய முட்டை என்று அவள் பார்க்கவில்லை. தன் முட்டையோடு சேர்த்து அடைகாத்தாள். தன் முட்டையிலிருந்து பவளம் வந்தாள். விழுந்த முட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் சாம்பி வந்தாள்.

குஞ்சாக இருந்தபோது சாம்பியின் அலகு நேராகத்தான் இருந்தது. வளர வளரத்தான் விலகியது. அலகின் நுனி சேரும். அடிப்பக்கமும் சேரும். நடுவில் மட்டும் ஒரு சந்து. எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்தச் சந்தின் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் யாராவது இரை தேடித் திரும்பி வந்தால், கிளைகளில் இருப்பவர்கள் எல்லோரும் அலகைத் தட்டுவார்கள். படபடபட! ‘வந்துவிட்டாயா?’ என்று அதற்குப் பொருள். வந்தவரும் படபடபட என்று திருப்பித் தட்ட வேண்டும். ‘வந்துவிட்டேன்!’

முதன்முதலாகத் தனியே பறந்துபோய்த் திரும்பிய அன்று, சாம்பிக்காகவும் மரம் தட்டியது. அவள் ஆசையோடு பதில் தட்டினாள்.

டொக்.

“என்னடி இது, சேற்றில் பனங்காய் விழுந்த மாதிரி!” என்றாள் பவளம். மரமே குலுங்கிச் சிரித்தது.

அதற்குப் பிறகு சாம்பி மரத்தின் பின்பக்கமாகவே வந்தாள். ஓசைப்படாமல் கூட்டுக்குள் நுழைந்துகொள்வாள். முன்பக்கம் ஒவ்வொருவராக வர வர, மரம் தட்டும். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தனக்கும் ஒருநாள் அப்படித் தட்டமாட்டார்களா என்று ஏங்குவாள்.

இப்போது அம்மாவும் இப்படிச் சொல்லிவிட்டாள்.

சாம்பி கலங்கிய கண்ணோடு ஏரியின் ஆழமில்லாத பக்கம் போய் நின்றாள். பசிக்கும் அல்லவா? சேற்றுக்குள் அலகை விட்டு ஒரு கொழுத்த கிழட்டு நத்தையைப் பிடித்தாள். அதன் பெயர் ஓட்டப்பன். அந்த ஏரி நத்தைகளுக்கெல்லாம் அதுதான் தலைவன்.

“அம்மணி, அம்மணி! அவசரப்படாதே. அழுதாயா என்ன?” என்றது ஓட்டப்பன்.

“இல்லை. ஏரித் தண்ணீர் தெறித்துவிட்டது.”

“நானும் ஏரியில்தான் குடியிருக்கிறேன். ஏரித் தண்ணீர் எனக்குத் தெரியாதா? சும்மா சொல்.”

நத்தைக்கு நடைதான் மெதுவு. புத்தி அப்படி இல்லை. சாம்பி அதைக் கரையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் ‘அழுதாயா’ என்று கேட்டதில்லை.

“அடடா, இதற்கா அழுகிறாய்?” என்றது ஓட்டப்பன். “என்னைத் தின்றால் உன் வயிறு அரை நாள் நிறையும். என்னை விட்டால் உன் குறையே தீரும். எது வேண்டும்?”

“குறை தீர வேண்டும்.”

“அப்படியானால் கேள். நாணல் புதருக்கு அடியில் பசை போல ஒரு களிமண் இருக்கிறது. அதில் தாமரைத்தண்டின் நார் கலந்து பிசை. அலகு ஒட்டிக்கொள்ளாதபடி சந்தின் மேலும் கீழும் அப்பிக்கொண்டு வெயிலில் நில். காய்ந்துவிட்டால் உன் அலகுக்கும் உன் அக்கா அலகுக்கும் வித்தியாசமே தெரியாது.”

சாம்பி அப்படியே செய்தாள். உச்சி வெயிலில் அசையாமல் நின்றாள். மண் இறுகியது. மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

படபட!

அன்று சாயங்காலம் அவள் மரத்தின் முன்பக்கமாகப் பறந்து வந்தாள். மரம் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தட்டியது. அவள் திருப்பித் தட்டினாள். படபடபட! மேல்கிளை, கீழ்க்கிளை, எதிர்க்கிளை எல்லாம் மறுபடி தட்டின. பவளம்கூடத் தட்டினாள்.

“என் கண்ணே! சரியாகிவிட்டதா?” என்று செங்கமலம் ஓடிவந்து அவள் கழுத்தோடு கழுத்தை உரசினாள். சாம்பியின் அலகில் மண் வாசனை அடித்தது. செங்கமலம் அதை முகர்ந்தாள். பிறகு மறுபடி கழுத்தை உரசினாள்.

அன்று சாம்பி தூங்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஏரியில் ஒரு நத்தையைப் பிடித்தாள். எண்ணெய் தடவிய கோலிக்குண்டு போல அது வழுக்கி விழுந்தது. இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் விழுந்தது. மீன் பிடிக்கப் பார்த்தாள். பவளத்துக்கு வரும் வேகம் அவளுக்கு வரவில்லை. தண்ணீர் குடிக்கவும் பயம், மண் கரைந்துவிடுமே! நுனி அலகால் இரண்டு சொட்டு உறிஞ்சிக்கொண்டாள்.

அன்றாடம் காலையில் மண்ணைப் பூசினாள். சாயங்காலம் பசித்த வயிற்றோடு பறந்து வந்தாள். மரம் தட்டியது. அவளும் தட்டினாள். பசித்த வயிற்றோடு படுத்துக்கொண்டாள்.

“ஏன்டி இப்படி இளைத்துக்கொண்டே போகிறாய்?” என்று கேட்டாள் செங்கமலம்.

“ஒன்றுமில்லை அம்மா.”

சிறகில் பலம் குறைந்தது. ஏரியைக் கடந்து மரத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பறக்கவே முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அந்தப் படபடபட! அதை எப்படி விடுவது?

ஒரு பிற்பகல், நாணல் ஓரத்தில் தலை சுற்றி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியிலேயே நத்தைகள் ஊர்வலம் போயின.

“ஐயோ அண்ணே, நாரை நிற்கிறது!” என்றது ஒரு குட்டி நத்தை.

“நிற்கட்டும்,” என்றது ஓட்டப்பன். “அதன் வாயில் கொழுக்கட்டை அடைத்து வைத்திருக்கிறேன். நீ பயப்படாமல் நட.”

“எப்படி அண்ணே?”

“அதன் அலகில் ஒரு சந்து இருந்ததே, பார்த்திருக்கிறாயா? நம் ஓடுகளைப் பிடிப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அதில் மாட்டினால் எவனும் வழுக்க முடியாது. நம் குலத்துக்கே அது எமன். பாவம், அந்தப் பெண் அதைப் போய்க் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தது. நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.”

நத்தைகள் ஓடு குலுங்கச் சிரித்தன.

சாம்பி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள். அலகு நேராக, அழகாக, மூடியிருந்தது. தொலைவில் கடம்ப மரம் தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் அங்கே எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். தட்டுவார்கள்.

நெடுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அலகைத் தண்ணீருக்குள் விட்டாள். மண் முழுவதும் கரையும்வரை எடுக்கவில்லை.

ஓட்டப்பன் அதற்குள் சேற்றுக்குள் புதைந்துகொண்டுவிட்டது. மற்ற நத்தைகளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. சாம்பி வயிறார உண்டாள். வாய் நிறையத் தண்ணீர் குடித்தாள்.

பொழுது சாய்ந்தது. அவள் எழும்பிப் பறந்தாள். மரத்தை நெருங்கியதும் பின்பக்கமாகத் திரும்பப் பார்த்தது சிறகு. அவள் திருப்பவில்லை. முன்பக்கமாகவே வந்து, எல்லோரும் பார்க்கும் கிளையில் இறங்கினாள். அலகிலிருந்து நீர் சொட்டியது. சந்தின் வழியே சிவந்த வானம் தெரிந்தது.

படபடபட! என்று கேட்டது மரம்.

டொக், என்றாள் சாம்பி.

“மறுபடியும் பனங்காயா?” என்றாள் பவளம். இரண்டொரு கிளைகள் சிரித்தன.

சாம்பி நகரவில்லை. கழுத்தை நிமிர்த்தி இன்னும் ஒருமுறை, முன்னைவிடப் பலமாகத் தட்டினாள்.

டொக்!

செங்கமலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கூட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவினாள். தன் நீண்ட மஞ்சள் அலகு மூடாதபடி அதை நடுவில் குறுக்கே கவ்விக்கொண்டாள். கிளையில் இரண்டடி நடந்து மகளின் எதிரே வந்து நின்று, மெதுவாகத் தட்டினாள்.

டொக்.

நீதி: ஊர் மெச்ச உன்னை மூடிக்கொண்டால், உன் உயிர்தான் பட்டினி கிடக்கும்.