மடிப்பைத் தடுத்துப் பார்த்த ஒரு நிமிடம்

காலை பத்து இருபதுக்கு, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் அரங்கில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்துப் பேச வேண்டியவர் சுடலைமுத்து.

வலைத்தளம் செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு அது. மேடையை ஒட்டிய சிறிய அறையில் சுடலைமுத்து மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் அச்சகத்தில் பக்கம் அமைத்தவர். பிறகு சனிக்கிழமை வகுப்புக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. அவருக்கு முப்பத்தைந்து.

“டீச்சர், கடைசி சிலைடு சரியா இருக்கான்னு பாருங்க.”

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். ஒரே வரி. ‘இன்று மாலை ஆறு மணிக்கு மடிப்பை நீக்குகிறேன்.’

மடிப்பு என்பது சுடலைமுத்து எழுதிய சிறிய நிரல். நீளமான தமிழ்ச் சொல் கைபேசித் திரைக்குள் அடங்காதபோது, சரியான இடத்தில் ஒடித்து அடுத்த வரிக்கு அனுப்பும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒன்பது வருடத்துக்கு முன் அதை இணையத்தில் வைத்தார். தளங்கள் அவர் வைத்த இடத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்கின்றன. அவர் நீக்கினால் எல்லா இடத்திலும் போய்விடும். பழுது வந்தால் பார்ப்பவரும் அவர் ஒருவர்தான்.

“எழுத்துப் பிழை இல்ல,” என்றார் ஜெசிந்தா.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒன்பது வருசத்துல முந்நூத்து நாப்பது புகார். போன மாசம் ஒருத்தன் எழுதுறான், ‘சீக்கிரம் சரி பண்ணுய்யா, எனக்கு வேற வேலை இருக்கு’ன்னு. எனக்கு வேற வேலை இல்லையாம். கண் ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள் உக்காந்து அதைச் சரி பண்ணேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை இதுவரைக்கும் வந்ததில்ல. குறை சொல்ல வர்றவனைத் தவிர இதை யாரு வச்சிருக்கா?”

மேடையில் சுடலைமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“கடைசி சிலைடுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க,” என்றார் ஜெசிந்தா.

சுடலைமுத்து பன்னிரண்டு நிமிடம் பேசினார். சொல்லை எங்கே ஒடிக்கலாம், எங்கே ஒடித்தால் படிப்பவருக்குத் தடுக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் மடியில் கணினியை வைத்து வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாநாடுகளில் அது வழக்கம். பேசுகிறவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஓரமாக நகர்ந்தார்.

ஜெசிந்தா மேடையேறினார்.

“எல்லாரும் லேப்டாப்பைத் திறந்துதான் வச்சிருக்கீங்க. எனக்கு வேலை மிச்சம்.”

சிரித்தார்கள்.

“நீங்க செஞ்ச தளம் ஒண்ணைத் திறங்க. போன் அகலத்துக்குச் சுருக்குங்க. மடிப்புங்கிற கோப்பை மட்டும் தடுத்துட்டு மறுபடியும் திறங்க.”

ஒரு கோப்பை மட்டும் தடுத்துப் பார்க்கும் வசதி பிரவுசரிலேயே உண்டு. பழுது தேடுகிறவர்கள் தினமும் செய்வதுதான். செய்பவரின் கணினியில் மட்டும் அது நிற்கும். வெளியே எந்தத் தளத்துக்கும் ஒன்றும் ஆகாது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். ஆல்வின். நாகர்கோவிலில் எட்டுப் பேரை வைத்து நிறுவனம் நடத்துபவர்.

“மேடம், நாங்க வெளி ஆள் கோப்பு எதையும் தொடுறதில்ல. எல்லாம் நாங்களே எழுதினது.”

“சும்மா செஞ்சு பாருங்க ஆல்வின். கை தேஞ்சா போயிரும்?”

விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“தளம் உடைஞ்சவங்க மட்டும் எந்திரிங்க.”

ஒருவரும் எழவில்லை. நினைத்தது சரிதான் என்பதுபோலச் சுடலைமுத்து தலையை ஆட்டிக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மடங்கும் நாற்காலி அவருக்குப் பின்னால் டப்பென்று மூடிக்கொண்டது.

“வார்த்தையெல்லாம் திரைக்கு வெளிய ஓடுது,” என்றார்.

இடது பக்கத்தில் இன்னொன்று. நடுவில் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. தகரக் கொட்டகையில் மழை இறங்குவதுபோல நாற்காலிகள் வரிசை வரிசையாக மூடிக்கொண்டே வந்தன. எழுந்தவர்கள் பக்கத்தில் எழுந்தவர்களைப் பார்த்தார்கள். பேருந்து நேரம் காட்டும் தளம் செய்தவர் நின்றார். பள்ளி ஒன்றுக்கு மதிப்பெண் தளம் செய்தவர் நின்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த இருவர் நின்றார்கள்.

சத்தம் ஓய்ந்த பிறகு ஒரு நாற்காலி தனியாக மூடியது.

“என்ன ஆல்வின்?”

“ஆஸ்பத்திரி டோக்கன் தளம் மேடம். ‘பதிவு செய்’ பட்டன் வலது பக்கமா வெளிய போயிருச்சு. டோக்கனே போட முடியாது.” திரையை இன்னொரு முறை பார்த்தார். “இதை எங்க ஆளுங்கள்ல யாரு சேத்தாங்கன்னே தெரியல.”

மாநாட்டுத் தொண்டர் ஒருவர் நடைபாதையில் எண்ணிக்கொண்டே வந்து மேடைக்குக் கீழே நின்றார்.

“இருநூத்து அறுபத்தேழு.”

சுடலைமுத்து ஓரத்திலிருந்து வந்து மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மைக் அணைக்கப்படவில்லை. அவர் மூச்சு விடுவது கடைசி வரிசை வரை கேட்டது.

ஜெசிந்தா மைக்கைக் கையால் பொத்தினார்.

“டீச்சர், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“இதை வச்சிருக்கிற நாலு பேரைத் தெரியும்.” அவர் குரலும் தாழ்ந்திருந்தது. கண்ணை அரங்கிலிருந்து எடுக்கவில்லை. “இவ்வளவுன்னு தெரியாது.”

சிலைடு மாற்றும் கருவி சுடலைமுத்துவின் கையில் இருந்தது. மிச்சம் ஒரே சிலைடு. அது என்ன என்று அந்த அரங்கில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. பிறகு கருவியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நான் இப்ப என்ன பேசணும் டீச்சர்?”

“உக்காரச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொல்லாம உக்கார மாட்டாங்க.”

மாநாட்டுக்குப் பிறகு, 2023 நவம்பர் 11 அன்று மடிப்பின் அடுத்த பதிப்பு வெளியானது. அதுவரை ஒரே பெயர் இருந்த ‘பராமரிப்பவர்கள்’ என்ற இடத்தில் இப்போது ஆறு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ஆல்வின். சுடலைமுத்துவின் பெயர் ஆறாவது.