ராக்கியப்பன் போட்ட விலை

காலை ஆட்டாத, போர்வை கீழ போகுது. கதை வேணும்னா ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு மாட்டுத் தரகர் இருந்தார். பேரு ராக்கியப்பன். மாடு வாங்க வர்றவங்களுக்கு மாட்டைப் பார்த்து, இது இவ்வளவு பெறும்னு மதிப்பு சொல்றதுதான் அவர் வேலை. வாங்குறவன் ஆளு மாட்டைப் புகழலாமா? புகழ்ந்தா விக்கிறவன் விலையை ஏத்திடுவான். அதனால அவர் எந்த மாட்டைப் பார்த்தாலும் மூஞ்சியச் சுளிச்சுக்குவார். வாலைத் தூக்கிப் பார்ப்பார், பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார், "ப்ச்"சும்பார். ரொம்ப நல்ல மாடா இருந்தா "சுமார்"னு சொல்லுவார். கொஞ்சம் நல்ல மாடா இருந்தா "பரவாயில்ல." அதுக்கும் கீழன்னா "ஒப்பேத்தலாம்." நொண்டி மாட்டைப் பார்த்தாதான் "ஆகா, நல்ல மாடு"ம்பார். யாராவது வாங்கிட்டுப் போகட்டும், நமக்கு வேணாம்னு அர்த்தம். சந்தையில எல்லாருக்கும் இது தெரியும்.

ம்.

அப்போ நிஜ விலையை எங்க பேசுவாங்க? துண்டுக்குள்ள. வாய்விட்டுச் சொன்னா பக்கத்துல நிக்கிறவன் மூக்கை நுழைப்பான். அதனால கை மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை சொல்லணும். ஒரு விரலைப் பிடிச்சா ஒரு விலை, இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடிச்சா அதுக்கு மேல. பிடிக்கலைன்னா கையை உதறிடலாம். உதறலைன்னா வியாபாரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். வாய் என்ன சொன்னாலும் துண்டுக்குள்ள மட்டும் ராக்கியப்பன் பொய் சொன்னதே கிடையாது.

ம்.

அவர் சம்சாரம் நாச்சாத்தா. அவ சந்தைப் பக்கமே போனதில்ல, அந்தக் காலத்துல பொம்பளைங்க போக மாட்டாங்க. பாவம், அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? அவ கொள்ளுப் பருப்பு கடைஞ்சு வச்சா, நல்லா வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுட்டு "சுமார்"ம்பார். தாயில்லாத கன்னுக்குட்டி ஒண்ணை அவ கஞ்சி ஊத்தியே வளர்த்தா. அது தளதளன்னு வந்துச்சு. "எப்படி இருக்குதுங்க?"ன்னு ஆசையாக் கேட்டா. "பரவாயில்ல"ன்னுட்டார். அவளும் பொறுத்துக்கிட்டா. நானா இருந்தா அன்னைக்கே கரண்டியால போட்டிருப்பேன்.

அப்புறம் ஒருநாள் வெளியூர் ஆளு ஒருத்தர் விருந்துக்கு வந்தார். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, "உங்க வீட்டுக்காரம்மா எப்படிங்க?"ன்னு கேட்டார். ராக்கியப்பன் யோசிக்கவே இல்ல. வாய் பழக்கதோஷத்துல, "ஒப்பேத்தலாம்"னுச்சு.

சமையக்கட்டுல கரண்டி விழுந்துச்சு. ணங்!

விருந்தாளி போனதும் நாச்சாத்தா கன்னுக்குட்டியை அவுத்துக்கிட்டு, தம்பி கருப்பண்ணன் வீட்டுக்குக் கிளம்பிட்டா. "எனக்கு ஒரு மதிப்பு இருக்குதில்லீங்க? அதை உங்க வாயால சொன்னா வர்றேன். இல்லைன்னா ஒப்பேத்திக்கோங்க"ன்னுட்டுப் போயிட்டா.

தூங்கிட்டியா?

"இல்ல பெரியம்மா. அப்புறம்?"

அப்புறம் அவரே களி கிண்டினார். கட்டி கட்டியா, அடியில கருகி. ஒரு வாய் போட்டார். "நல்லா இருக்கு"ன்னார். பானையைக் கவுத்து வச்சுட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, மச்சினன் ஊருக்கு நடந்தார். தடக் தடக்.

கதவைத் தட்டினார். டொக் டொக்.

"நான் எப்படி, சொல்லுங்க"ன்னா நாச்சாத்தா, கதவைத் திறந்து.

அவர் மனசுக்குள்ள அவதான் ஒசத்தி. வாயைத் திறந்தார். "சுமார்"னு வந்துச்சு.

டமார்! கதவு சாத்தியாச்சு.

ம் எங்க?

ம்.

ரெண்டாந்தடவை வழியெல்லாம் பழகிக்கிட்டே போனார். பனைமரத்தைப் பார்த்து "நல்லவ"ன்னார். காக்காயைப் பார்த்து "நல்லவ"ன்னார். காக்கா பறந்துடுச்சு. வாசல்ல போய் நின்னு, அவ முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, நாக்கு தடம் மாறி "பரவாயில்ல"ன்னுடுச்சு.

டமார்!

மூணாந்தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "நாச்சாத்தா, நீ ரொம்ப ரொம்ப நல்லவ!"ன்னு கத்திட்டார். கதவு கொஞ்சம் திறந்துச்சு. கிர்ர்ர்... அப்போ பார்த்து, மாடு வாங்கச் சந்தைக்குப் போய்ப் பழகின கருப்பண்ணன் ஓடி வந்தான். "அக்கா, போயிடாத! மச்சான் போன சந்தையில ஒரு மாட்டை நல்ல மாடுன்னார். அது வீடு போய்ச் சேரவே இல்ல!"

டமார்! இந்தத் தடவை தாழ்ப்பாளும் போட்டாச்சு.

ராக்கியப்பனுக்குத் தெரிஞ்ச வார்த்தை அவ்வளவுதான். எல்லாம் தீர்ந்து போச்சு. ஊருக்கெல்லாம் மதிப்பு போட்ட மனுஷன் படியில உக்காந்து அழுதார். ஆமா, நிஜமாவே அழுதார். கன்னுக்குட்டி வந்து அவர் காதை நக்குச்சு.

கன்னுக்குட்டியைப் பிடிச்சுக் கட்ட நாச்சாத்தா வெளிய வந்தா. அவர் தோள் துண்டை எடுத்து, கை மேல போட்டு மூடி, அவ பக்கம் நீட்டினார்.

"எனக்குச் சந்தை வேலையெல்லாம் தெரியாதுங்க."

"கையை உள்ள விடு."

விட்டா. அவர் ஒரு விரலைப் பிடிச்சார். அப்புறம் ரெண்டு. அப்புறம் அஞ்சையும் பிடிச்சார். "அந்தக் கையையும் குடு"ன்னார். குடுத்தா. அந்த அஞ்சையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார்.

"விலை முடிஞ்சுதுங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"விரல் பத்தல புள்ள."

அவ கையை உதறுவாளான்னு கருப்பண்ணன் பார்த்துக்கிட்டே நின்னான். உதறல. ரொம்ப நேரம் உதறல. சந்தை தெரிஞ்சவன் இல்லையா, பேசாம உள்ள போய் அக்கா துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டான்.

ம்...

வீட்டுக்கு நடந்தாங்க. சுமார்னா என்ன, பரவாயில்லன்னா என்னன்னு சந்தைக் கணக்கையெல்லாம் அவர் சொல்லிக்கிட்டே வந்தார். கன்னுக்குட்டி முன்னாடி, மூட்டை அவர் தலையில. பாதி வழியில ராக்கியப்பன் மெதுவாக் கேட்டார்: "ஏ புள்ள, எனக்கு என்ன மதிப்பு போடுவ?"

நாச்சாத்தா அவரை மேலயும் கீழயும் பார்த்தா. பல்லைப் பார்த்தா. மூஞ்சியச் சுளிச்சா. "ப்ச்... சுமார்"னா.

மூட்டை குலுங்கக் குலுங்கச் சிரிச்சார் மனுஷன். கதை அவங்களோட அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு, நீயும் தூக்கத்துக்குப் போ.

"பெரியம்மா..."

என்ன?

"நான் எப்படி?"

நீயா? சுமார். கையைக் குடு, கண்ணை மூடு.