கடன் கொடுத்தவன் தட்டிய கதவுகள்

"அண்ணன் வர்றாரு. நான் இல்லைன்னு சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த இந்தச் சொல், தம்பி வீட்டு வாசலில் மழையில் நனைந்த ஓலைக்குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்த சாத்தப்பனின் காதில் விழுந்தது.

இது ஊர்களெல்லாம் இன்னும் தங்களுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த காலத்துக் கதை. அந்த ஊரில் ஒரு பெரிய கண்மாய் இருந்தது. கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். வயல் விளைந்தால் ஊர் சாப்பிடும். சாத்தப்பன் அங்கே எள் வாங்கி விற்கும் வியாபாரி.

மூன்று பேர் அவனிடம் கடன் வாங்கியிருந்தார்கள். தம்பி வயிரவன் மாடு வாங்குவதற்கு. மனைவியின் அண்ணன் கூத்தபெருமாள் வீடு வேய்வதற்கு. சிநேகிதன் அடைக்கலம் மகள் கல்யாணத்துக்கு.

பணம் கைமாறிய பிறகு தம்பி பண்டிகைக்கு வரவில்லை. கூத்தபெருமாள் குளிக்கிற துறையை மாற்றிக்கொண்டான். தினமும் சாயங்காலம் தாயம் ஆட வருகிற அடைக்கலமும் வருவதை நிறுத்திக்கொண்டான். சாத்தப்பன் பணத்தைக் கேட்டே வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் தெருவில் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றால், "அடுத்த அறுப்புக்குக் கட்டாயம் தந்துடறேன்" என்றுதான் பதில் வந்தது. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப்போயிற்று.

அன்று காலை அவன் பணத்துக்காக வரவில்லை. கண்மாய்க்கரையில், மடைக்குப் பக்கத்தில், ஒரு நண்டு வளை வழியே தண்ணீர் கலங்கலாகக் கசிவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருந்தான். கரை உடைந்தால் கதிர் விட்ட வயலெல்லாம் போய்விடும். கீழே இருக்கிற வீடுகளும் போய்விடும். ஓர் ஆள் அடைக்கிற ஓட்டை இல்லை அது.

"வயிரவா, கரை உடையப் போகுதுடா!"

உள்ளே சிரிப்புக் கேட்டது. "பாத்தியா, ஆளை வெளியே இழுக்கப் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு!" பிறகு தம்பி மனைவி உரக்கச் சொன்னாள்: "அவுக சந்தைக்குப் போயிருக்காக!"

சாத்தப்பன் அடுத்த வீட்டுக்கு ஓடினான். "மச்சான், கரை உடையப் போகுது!"

"கூத்தபெருமாள் ஊர்லயே இல்லை!" என்று கூத்தபெருமாளே குரலை மாற்றிச் சொன்னான்.

அடைக்கலம் வீட்டுக்கு வந்தான். உள்ளே தாயக்கட்டை உருளும் ஓசை கேட்டது. கதவைத் தட்டினான். ஓசை நின்றது. அவ்வளவுதான்.

சாத்தப்பன் நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்தான். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. பிறகு தொண்டை கிழியக் கத்தினான்: "கண்மாய்க்கரையில பணம் புதைச்சு வச்சிருக்கேன்! இன்னைக்கே எடுத்துக் கடன் கொடுக்கப் போறேன்! வேணுங்கிறவன் மண்வெட்டியோட வா!"

கதவுகள் திறந்தன. சந்தைக்குப் போனவன் வந்தான். ஊரிலேயே இல்லாதவன் வந்தான். அடைக்கலமும் தலையைக் குனிந்தபடி வந்தான். அதுவரை கடனே வாங்காதவர்களும் வந்தார்கள்.

கரையில் கலங்கல் நீரைக் கண்டதும் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வெட்டினார்கள், சுமந்தார்கள், மிதித்தார்கள். பொழுது சாய்கிற வேளையில் கசிவு நின்றது.

கூத்தபெருமாள் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அப்புறம் மச்சான், எந்த இடத்துல புதைச்சிருக்கீங்க?"

சாத்தப்பன் வீட்டுக்கு நடந்தான்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடன் கொடுத்தவன் எதற்காகக் கூப்பிட்டாலும் வாங்கியவன் காதுக்கு அது கடனைக் கேட்கிற குரலாகவே கேட்கும், ஆகையால் உறவுக்கும் நட்புக்கும் திரும்பி வராவிட்டாலும் மறந்துவிட முடிகிற பணத்தை மட்டுமே கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை தம்பி வந்து சாத்தப்பன் வீட்டுக் கதவைத் தட்டினான். "அண்ணே, நேத்து சொன்னீங்களே, அந்தப் பணம்..."

"நான் இல்லைன்னு சொல்லு," என்றான் சாத்தப்பன். அவன் மனைவி உமையாள் அப்படியே சொன்னாள்.

மறுபடியும் தட்டும் சத்தம். வந்தது அவளுடைய சொந்த அண்ணன். அவனுக்கும் இல்லையென்றே சொன்னாள்.

மூன்றாவது முறை தட்டியபோது யார் என்றுகூடச் சாத்தப்பன் கேட்கவில்லை. "இல்லைன்னு சொல்லு."

உமையாள் சன்னல் வழியே பார்த்தாள். அடைக்கலம் நின்றிருந்தான். கையில் பித்தளைத் தாயக்கட்டை.

"அவுக இல்லை, அண்ணே."

அடைக்கலம் திரும்பிப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கட்டையை உருட்டினான். தனக்காக ஒரு தரம், சாத்தப்பனுக்காக ஒரு தரம். மறுபடி தனக்காக. மறுபடி அவனுக்காக.

"சாத்தா," என்றான், சாத்திய கதவைப் பார்த்து. "உனக்குத் தாயம் விழுந்திருக்குடா."

சாத்தப்பன் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.